மூன்றாம் மாடி ஸ்டாம்ப்

மூன்றாம் மாடித் தையற்காரிக்கு நடந்தது பட்டப்பகல் அநியாயம். அவளுடைய ரப்பர் ஸ்டாம்ப்பை இரண்டாம் மாடி ஓவியர் அமுக்கி வைத்துக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

அது பழைய நீதிமன்றக் கட்டடம். கூண்டுகளைப் பிடுங்கிவிட்டு அறைகளைக் கலைஞர்களுக்கு விட்டிருந்தார்கள். வருஷத்தில் ஒருநாள் எல்லாக் கதவும் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அறைக்கு ஒரு ஸ்டாம்ப். பன்னிரண்டும் விழுந்தால் வாசலில் ஒரு காபி இலவசம்.

இலவசம் என்றால் சும்மாவா? போன வருஷம் அவள் அறைக்கு மட்டும் முந்நூறு பேர் ஏறினார்கள்.

இந்த வருஷம் மத்தியானம் வரை ஈ காக்கை இல்லை. காலையில் வாசலிலிருந்து வரவேண்டிய ஸ்டாம்ப்பும் வரவில்லை. கையெழுத்தாவது போட்டுக் கொடுப்போம் என்று பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

சுவர் நெடுக அவளுடைய துணி தொங்கியது. கணவர் படுக்கையில் கிடந்த நானூற்றுப் பதினோரு நாளும், நாளுக்கு ஒரு வரித் தையல். இந்தத் தடவையும் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்காவிட்டால் நாளைக்கே அறைச் சாவியைக் கொடுத்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள். அலுத்துவிட்டது.

இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, துணியோடு மூக்கு உரச, வரி வரியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"கீழே கூட்டம் இருக்கா ஐயா?" என்றாள்.

"இருக்கும்மா. நெரியுது."

அவள் பார்வை வாசற்படிக்குப் போய்விட்டது. பெரியவர் எப்போது போனார் என்றே தெரியாது.

அடுத்து ஒரு பெண். தரையில் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தாள். "அக்கா, இந்த ஒரு இடத்துல மட்டும் வெறும் துணியா விட்டிருக்கீங்களே, அன்னைக்கு என்ன ஆச்சு?"

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று இரண்டு வருஷமாக ஏங்கியவள்தான். ஆனால் காதெல்லாம் படியில் இருந்தது.

"நூல் தீர்ந்துபோச்சு."

அந்தப் பெண் மெல்ல எழுந்து போனாள்.

கடைசியாக ஒரு கணவன் மனைவி. கையைக் கோத்துக்கொண்டு துணி முன்னால் நின்றார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அட்டையைக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றாள் இவள்.

"அட்டையா? உங்க ஸ்டாம்ப்பை இரண்டாம் மாடி ஓவியரே குத்திட்டாரும்மா."

அவ்வளவுதான். அவர்களை அப்படியே விட்டுவிட்டு, தடதடவென்று இறங்கினாள்.

ஓவியர் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். மேஜைமேல் இரண்டு ஸ்டாம்ப். ஒன்று அவளுடையது.

எப்போதும் 'அண்ணா' என்பவள் அன்று, "சார்!" என்றாள். "கோர்ட்டுக்குள்ளேயே திருட்டா?"

"மெதுவா, மெதுவா. மூச்சு வாங்குது பாரு."

"என் மூச்சு இருக்கட்டும். என் ஸ்டாம்ப்பை உங்களை யார் குத்தச் சொன்னது? நான் பிழைக்கறது பொறுக்கலையா? போன வருஷம் முந்நூறு பேர் ஏறினாங்க சார், முந்நூறு!"

"ஏறினாங்க. 'ஸ்டாம்ப் எங்கே'ன்னு கேட்டாங்க, இறங்கினாங்க. ஒருத்தராவது சுவர்ப்பக்கம் திரும்பினாங்களா? சாயங்காலம் நீ அந்தப் படியில உட்கார்ந்து அழுதியே, நான் பார்க்கலைன்னு நினைச்சியா?"

அவள் மேஜைமேல் இருந்த தன் ஸ்டாம்ப்பைக் கையில் எடுத்தாள்.

"அதான் இந்தத் தடவை உன் ஸ்டாம்ப்பை வாசல்ல நானே வாங்கிட்டு வந்து, காபிக்கு வந்தவங்களுக்கு இங்கேயே குத்தி அனுப்பிட்டேன். 'மேலே என்ன இருக்கு'ன்னு ஒரு வார்த்தை கேட்டவங்களை மட்டும் உன்கிட்ட ஏத்திவிட்டேன்."

"எத்தனை பேர் கேட்டாங்க?" குரல் இறங்கிவிட்டது.

"நாலே பேர்தாம்மா." பிரஷ்ஷை உதறிவிட்டு, ஆசையாக அவள் முகத்தைப் பார்த்தார். "நாலு பேரும் வந்தாங்கல்ல? உட்காரவெச்சு நல்லா பேசினியா?"