சொல்லுமுன் கேட்ட பதில்

"நீங்க சொல்றதை அப்படியே திரும்பச் சொல்வேன் மேடம். நீங்க சரின்னு சொன்னப்புறம்தான் வால்வுல கை வைப்பேன்."

"கிளிப்பிள்ளை மாதிரியா?"

"கிளி தப்பாச் சொன்னா ஊருக்கு ஒண்ணும் ஆகாதே மேடம்."

அணுமின் நிலையத்தில் நான் சேர்ந்த அன்று பம்ப் அறை ஆபரேட்டர் சொன்னது இது. விபத்து நேராமலிருக்க அப்படியொரு விதி. அன்றிலிருந்து கட்டுப்பாட்டு அறை போனில் நான் சொல்வேன், அவர் திரும்பச் சொல்வார், நான் சரி என்பேன். மனதில் இருந்ததை மட்டும் சொன்னதே இல்லை.

இன்று அவருக்கு இங்கே கடைசி ஷிப்ட். நாளை வேறு நிலையத்துக்கு மாற்றல். மதியம் பம்ப் அறைக்குப் பேச போனை எடுத்தேன். வாய் திறப்பதற்குள் அவர் குரல் வந்தது.

"திரும்பச் சொல்றேன் மேடம். போகாதீங்க, என்னைக் கல்யாணம் பண்ணிக்கோங்க. சரியா?"

நிமிர்ந்தேன். மேசைக்கு எதிரே, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவரே நின்றிருந்தார்.

"புது ஆள்கிட்ட பம்ப் ரூமை ஒப்படைச்சாச்சு. உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் பேசி முடித்த பிறகும், போனில் அதே குரல் "சரியா மேடம்?" என்று பொறுமையாகக் கேட்டது. ஏனோ பயமாக இல்லை. மனசு லேசாக இருந்தது. ரிசீவரை வைக்காமலே, எதிரே நின்றவரைப் பார்த்துச் சொன்னேன்.

"போகாதீங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்கோங்க."