சின்னக் கட்டியின் நடுக்கம்

எமல்டாவின் கழுத்து ரத்தக்குழாயில் இரண்டு கொழுப்புக் கட்டிகள் குடியிருந்தன. பெரியது கல்லாய் இறுகியிருந்தது. மெல்லிய தோல் மூடிய சின்னதோ உள்ளே கூழாக, ஒவ்வொரு துடிப்புக்கும் நடுங்கியது.

ஒரு மதியம், ஸ்கேன் கருவியிலிருந்து காதுக்குக் கேட்காத ஒலி ஒன்று மிதந்து வந்தது.

"அடைத்துக்கொண்டு நிற்பது அண்ணன்தான். நான் சின்னவன்" என்றது சின்னது.

ஒலி இரண்டையும் தொட்டுப் பார்த்தது. "அவர் அசையமாட்டார். நீ உடைந்தால் மூளைக்குப் போய் அடைப்பாய். எமல்டா விழுந்துவிடுவாள்."

"யாரிடமும் சொல்லாதே!"

"சொல்லத்தானே வந்தேன்" என்று ஒலி திரும்பிப்போய்த் திரையில் படமானது.

படத்தைப் பார்த்த டாக்டர் எமல்டாவுக்கு மாத்திரை கொடுத்தார். நாளடைவில் சின்னதின் தோல் தடித்தது, நடுக்கம் அடங்கியது.

"இத்தனை காலமும் ஏன்டா மறைத்தாய்?" என்றது பெரியது.

"தெரிந்தால் என்னை வெட்டி எறிவார்கள் என்று நினைத்தேன், அண்ணா."