வெந்நீரில் திறந்த கை

ஆக்குபேஷனல் தெரபி மூன்றாம் வருடம் படிக்கும் சுகிர்தா முதன்முதலாக ஸ்பிளின்ட், அதாவது விரல்களை நீட்டிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி, செய்து மாட்டியது ஞானதுரையின் கைக்குத்தான். பக்கவாதத்தில் இறுகிப்போன விரல்களைப் புத்தகம் சொல்கிற அளவுக்கு நீட்டாமல், வலிக்குமே என்று பாவம் பார்த்து, ஐந்தும் பாதி மடங்கினபடியே பிளாஸ்டிக்கைப் படியவைத்திருந்தாள். அந்தக் கை கடைசிவரை திறக்கவேயில்லை. அவருடைய காரியம் முடிந்தபின் மனைவி பொன்மலர் ஸ்பிளின்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"வேற யாருக்காச்சும் ஆகும்ல, பாப்பா?"

வெந்நீரில் போட்டால் அந்தப் பிளாஸ்டிக் இளகிப் பழையபடி தட்டையாகிவிடும். கல்லூரியில் அப்படித்தான் மறுபடி பயன்படுத்துவார்கள். சுகிர்தா அதைத் தொட்டியில் நழுவவிட்டாள். முதலில் அதன் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், எல்லா விரல்களும் நிமிர்ந்தன. பொன்மலர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகிர்தா அதை எடுத்து மேசையில் வைத்து ஈரம் துடைப்பதற்குள் பொன்மலர் தன் கையை அதன்மேல் வைத்துவிட்டார்.

"சுடும்மா!"

அவர் காதில் விழவில்லை. இளகிய விரல்கள் அவருடைய விரல்களைச் சுற்றி மடிந்தன. ஆறியதும் பிடி இறுகிவிட்டது. வெட்டிவிடலாம் என்று சுகிர்தா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வேணாம் பாப்பா," என்றார் பொன்மலர். "அவருக்கு வலிக்கும்."