உரியவருக்கு மட்டும்

“என் மருமக ரிப்போர்ட் வந்துடுச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லும்மா. வேற ஒண்ணும் கேக்கல.”

பரிசோதனைக்கூடத்தின் வரவேற்பு மேசையில், நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பெண் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காலையிலிருந்து இது நான்காவது அழைப்பு.

“வணக்கம்மா. ரிப்போர்ட் தயாரானதும் சம்பந்தப்பட்டவங்க செல்போனுக்கு ஒரு லிங்க் போகும். அவங்களோட ரகசிய எண்ணைப் போட்டாத்தான் அது திறக்கும். போன்ல நாங்க யாருக்கும் சொல்றதில்ல.”

“இதையேதான் ஒன்பது மணிக்கும் சொன்னே, பத்து மணிக்கும் சொன்னே. கிளிப்பிள்ளையா நீ?”

“சம்பளம் வாங்கற கிளிப்பிள்ளைம்மா.”

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. பிறகு குரல் தழைந்தது.

“முதுகுல கட்டின்னு போன செவ்வாய்க்கிழமை எடுத்து அனுப்பினாங்க. அன்னையிலிருந்து எனக்குச் சோறு இறங்கல. சும்மா கட்டியா, இல்ல அந்தப் பொல்லாத கட்டியான்னு தெரிஞ்சா போதும். நான் அவளுக்கு மாமியார்.”

“மாமியார்தான்னு நான் எப்படிம்மா நம்பறது? போன மாசம் ஒருத்தர் ‘அண்ணன் பேசறேன்’னு ஒரு பொண்ணோட ரிப்போர்ட்டைக் கேட்டார். விசாரிச்சா, அந்தப் பொண்ணுக்கு வேலை குடுக்கப்போற கம்பெனி ஆளு!”

“அடப்பாவி! என் குரலைக் கேட்டா அப்படியா தெரியுது?”

“இப்பல்லாம் யார் குரல்ல வேணும்னாலும் கம்ப்யூட்டரே பேசுதும்மா.”

“சரி, ரகசிய எண்தானே வேணும்? நானே சொல்றேன். அவளோட கல்யாண நாளு. இருபத்தி...”

“ஐயோ, நிறுத்துங்கம்மா! அதைப்போய் வாய்விட்டுச் சொல்லலாமா? இந்த அழைப்பெல்லாம் பதிவாகுது.” அவள் முகம் சிவந்துபோனது. “கல்யாண நாளையெல்லாமா ரகசிய எண்ணா வைப்பாங்க?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். பெரிய புத்திசாலின்னு பேரு. அந்த எண்ணு எங்க வீட்டு நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும்.”

எதிர் மேசையில் ஒருவர் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ரத்தம் எடுப்பவர். எல்லோரிடமும் ‘வலிக்காது, வலிக்காது’ என்று சொல்லியே குத்துவதால் அவருக்கு ‘வலிக்காது அண்ணன்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் எழுந்து வந்து கிசுகிசுத்தார்.

“தங்கச்சி, ரிசல்ட்டை ஏத்திட்டாங்க. டாக்டர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஒரு தட்டு தட்டிப் பார்த்துடேன். யார் கேக்கப் போறா?”

அவள் ரிசீவரின் வாயைப் பொத்தினாள். திரையில் அந்த வரி தெரிந்தது. ஒரே ஒரு தட்டுதான். சுட்டியின் மேல் விரலை வைத்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வேணாம்ணே. எத்தனை பேர் அவங்க பயத்தை நம்ம கையில குடுத்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போறாங்க! இன்னிக்கு ஒருத்தருக்காக இந்த மேசை திறந்து பார்த்தா, நாளைக்கு எல்லாருக்கும் பார்க்கத் தோணும்.”

“இந்த ஒரு ரிப்போர்ட்டுக்குமா இவ்வளவு சட்டம்? கல் நெஞ்சு உனக்கு.”

“வலிக்காதுண்ணே” என்றாள் அவள். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

“அம்மா, இருக்கீங்களா?”

“எங்க போகப் போறேன்? ஆமா, உனக்கு மாமியார் இருக்காங்களா?”

“இருக்காங்கம்மா.”

“அவங்க கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவியா?”

“என் மாமியாரே கேட்டாலும் இதே பதில்தாம்மா.”

“பாவம் அந்த மாமியார்! உன்னைக் கட்டிக்கிட்டு என்ன பாடு படறாங்களோ.”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“சரி, ரிப்போர்ட்டைச் சொல்ல வேணாம். அந்த ரிப்போர்ட்டுக்குச் சொந்தக்காரிகிட்ட நான் சொல்ற ஒரு சேதியைச் சேர்த்துடுவியா? அதுக்காவது உங்க சட்டத்துல இடம் இருக்கா?”

“சொல்லுங்கம்மா.”

“அவ சமையல்ல உப்பு என்னிக்கும் சரியா இருந்ததில்ல. பன்னிரண்டு வருஷமா நானும் குத்தம் சொல்லிட்டேதான் இருக்கேன். ஆனா அவ இல்லாத ஒரு நாள்கூட இந்த வீடு வீடா இருந்ததில்ல. ரிப்போர்ட்ல என்ன வந்தாலும் நான் அவ பக்கத்துலதான் நிப்பேன். காலையிலிருந்து கடவுள்கிட்டயும் இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். நேர்ல அவகிட்ட சொல்லத்தான் வாய் வரமாட்டேங்குது.”

மேசையில் இருந்த காகிதங்கள் அவளுக்கு மங்கலாகத் தெரிந்தன.

“சேர்ந்துடும்மா” என்றாள். “கண்டிப்பா போய்ச் சேர்ந்துடும்.”

ஒரு மணிக்கு டாக்டர் கையெழுத்திட்டார். திரையில் அந்த வரிக்கு நேராக ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சை எழுத்து வந்தது. சாப்பாட்டு நேரம். மேசையை வலிக்காது அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு அவள் மாடிப்படிக்கு ஓடினாள். ஆள் யாரும் இல்லை. தன் செல்போனை எடுத்துச் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் நெற்றியைச் சாய்த்து, கண்ணை மூடி, கடவுளுக்கு ஒரு வார்த்தை சொன்னாள்.

பிறகு அந்த அம்மாளின் எண்ணை அழைத்தாள். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாகிவிட்டது.

“யாரு? மேசைக்காரியா? மனசு இளகிடுச்சா?”

“மேசைக்காரி இல்ல அத்தை, உங்க மருமக பேசறேன். லிங்க் இப்பத்தான் என் போனுக்கு வந்தது, திறந்து பார்த்தேன். வெறும் கொழுப்புக் கட்டிதானாம், நீங்க முதல்ல உக்காந்து சாப்பிடுங்க!”