ஒன்பது நிஜம், ஒன்று காகிதம்

ஜாடியில் இருந்தவை பத்து ரோஜாக்களா, பன்னிரண்டா என்பது இப்போது சரியாக நினைவில்லை. பத்து என்றே வைத்துக்கொள்வோம்.

"நீ கொண்டுவந்ததுல ஒன்பது நிஜம், ஒண்ணு க்ரேப் காகிதம். அந்த ஒண்ணை நான் கண்டுபிடிச்சிட்டா உனக்கு வேலை கிடையாது, சரியா?" என்றார் மேடை அலங்காரக் கடை முதலாளி.

அவள் தலையாட்டினாள். காகிதப் பூ செய்யும் வேலை கேட்டு அவள் ஏறி இறங்கிய ஐந்தாவது கடை அது.

முதலாளி "இதுதான்" என்று ஒன்றை உருவி இதழைக் கிள்ளினார். விரலில் ஈரம். நிஜம்.

"அதான் தோத்துட்டீங்களே, சார்."

"சும்மா இரும்மா. இருபது வருஷமா பூவோட குடித்தனம் நடத்தறவன் நான்!"

ரோஷம் தலைக்கேறிவிட்டது. கிள்ளிக் கிள்ளி ஒன்பதையும் நாசமாக்கினார். எல்லாமே நிஜம். கை பத்தாவதை நெருங்கியபோது, "தொடாதீங்க சார், ரெண்டு நாள் உழைப்பு!" என்று அவள் அலறினாள்.

"நாளைக்கே வேலைக்கு வந்துடு தாயே," என்றார். பூ கண்ணாடிப் பெட்டிக்குள் போனது.

நான்காம் நாள் அவளைக் கூப்பிட்டார். பெட்டிக்குள் ரோஜா தலை தொங்கிக் கிடந்தது.

"அடிப்பாவி," என்றார் கண்கலங்க. "வாடக்கூட வச்சிருக்கியே!"

அவள் செய்த காகித ரோஜா, கடைக்குக் கிளம்பிய அன்று காலையிலேயே கூழாகியிருந்தது. நிஜப் பூ என்று நம்பி, வாடிவிடக் கூடாதே என்று கணவன் அதைத் தண்ணீரில் போட்டுவைத்திருந்தான். அவள் கொண்டுபோனது பத்தும் நிஜம்.

இப்போது அந்தக் கடையின் காகிதப் பூக்களெல்லாம் அவள் கைவேலைதான். கணவன் வீட்டில் எந்தப் பூவையும் கேட்காமல் தொடுவதில்லை. முதலாளிக்கு மட்டும் ஒரு குறை: அதற்குப் பிறகு அவள் செய்ததில் ஒன்றுகூட வாடவில்லை.