பேர் சொல்லாத கண்ணாடி

என் மகள் ஷிஃபாவின் வகுப்பில் எல்லாரும் பேச்சுக்கண்ணாடி போட்டவர்கள். எதைப் பார்த்தாலும் அது காதோடு பேரைச் சொல்லிவிடும். பார்க்கிற பொருளின் மேல் இரண்டு விரலை விரித்தால் பெரிதாக்கியும், சேர்த்தால் சின்னதாக்கியும் காட்டும். பேர் தெரிந்த கையோடு பிள்ளைகள் அடுத்ததுக்குத் தாவிவிடுவார்கள், நின்று பார்ப்பதே கிடையாது.

இந்த வாரம் டீச்சர் அதைக் கழற்றச் சொல்லி, ஆளுக்கொரு பூதக்கண்ணாடி கொடுத்து அனுப்பியிருந்தார்.

அடுப்படி மேடையில் சிந்திய சீனியை ஓர் எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது. ஷிஃபா குனிந்து பார்த்தாள்.

"உம்மா, இது ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது."

"அது சொல்லாது. நீதான் பார்த்துக் கண்டுபிடிக்கணும்."

இன்னும் பெரிதாகப் பார்க்க ஆசை. பழக்கதோஷத்தில் எறும்பின் மேலேயே இரண்டு விரலை வைத்து விரித்தாள். எறும்பு நசுங்கிவிட்டது. அழுதுகொண்டே கண்ணாடியைத் தூரத் தள்ளினாள். இனிமேல் தொடவே மாட்டாளாம்.

நான் அதை எடுத்து அவளிடமே கொடுத்து, என் கையை நீட்டினேன். "இதைப் பாரு. இது நசுங்காது."

விசும்பல் அடங்காமலே ரேகை ரேகையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், மணிக்கட்டில் நின்றாள்.

"பிறை மாதிரி ஒரு கோடு இருக்கு. இதுக்குப் பேர் என்ன?"

"பேரெல்லாம் இல்ல. நீ கைக்குழந்தையா இருக்கும்போது நகத்தால கீறினது."

"வலிச்சுதா?"

"கொஞ்சூண்டு."

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பிறையின் இரண்டு முனையிலும் விரல் வைத்து, அழுத்தாமல், மெல்ல ஒன்றுசேர்த்தாள்.

"சின்னதாக்கிட்டேன் உம்மா."