முப்பது எண்ணும் எஞ்சின்

திருடன் மகள் என்று தென்காசியில் யாரும் முத்துசெல்வியை நேருக்கு நேர் சொன்னதில்லை. அவள் கடந்துபோகும் வரை காத்திருந்துதான் சொன்னார்கள். அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்த ஊர்.

நாற்பத்தோரு வருஷத்துக்கு முன், அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அப்பா சிவனணைந்தபெருமாள் முதலாளியின் லாரியில் சரக்கேற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகப் புனலூருக்குக் கிளம்பினார். போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை. லாரியை விற்றுவிட்டு மலையாளத்துப் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஊர் முடிவுகட்டியது. ஓடிப்போனவனுக்குத் திதி கிடையாது. அம்மா கழுத்தில் தாலியோடுதான் செத்தாள்.

அந்தக் குடும்பத்துக்கு முகம் கொடுத்தவர் மாவு மில் காந்திமதிநாதன் ஒருவர்தான். அதற்கு முன் லாரி மெக்கானிக்காக இருந்தவர். லாரி காணாமல்போன அந்த வருஷமே பட்டறையை மூடிவிட்டு மில் தொடங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அவர்கள் வீட்டு மாவுக்குக் காசு வாங்கியதில்லை. தங்கமான மனசு என்று ஊர் சொல்லும். அதை நேருக்கு நேரே சொல்லும்.

இந்த வருஷ மழையில், கணவாய்ச் சாலைக்குக் கீழே ஓடைக்குள் ஒரு பழைய லாரி எஞ்சின் வெளியே வந்தது. வண்டி இல்லை, எலும்பு இல்லை, நம்பர் இருந்த இடத்தில் துருதான் இருந்தது. அது எந்த வண்டியுடையது என்று சொல்லத் தெரிந்தவர் ஜில்லாவிலேயே ஒருவர்தான் என்று, போலீஸ்காரர்கள் அதைக் காந்திமதிநாதனின் மில் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

நாளை ஆடி அமாவாசை. இது சிவனணைந்தபெருமாள் வண்டி எஞ்சின்தான் என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். தம்பி குற்றாலத்தில் முதல்முறையாக அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவான். முத்துசெல்வி அரிசி டப்பாவோடு மில்லுக்குப் போனாள். அரிசியை அரைக்கப் போட்டுவிட்டு, அவர் அவளைப் பின்னால் கொட்டகைக்குள் கூட்டிப் போனார். அதற்குள் அவள் இதுவரை வந்ததில்லை.

பட்டப்பகலிலேயே இருட்டு. தகரக் கூரையில் சாரல். ஒரு மூலையில், கரண்டு போனால் மில்லை ஓட்டும் பழைய லாரி எஞ்சின். எதிர் மூலையில், சாக்கின் மேல், ஓடையில் கிடைத்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தன.

“இது இல்லம்மா,” என்றார் காந்திமதிநாதன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எஞ்சின் என்று வந்துவிட்டால் அவரால் ஒரு வரியில் நிறுத்த முடியாது. இந்த எஞ்சினில் இரண்டு ரகம்: ஒரே கம்பெனி, அதே ஆறு சிலிண்டர், அதே உயரம். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், முதலாளிமாரே ஏமாந்துபோவார்கள் என்றார். முந்தைய ரகத்தில் டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் பற்றி, பிறகுதான் சிலிண்டருக்கு வருமாம். அந்த அறையைச் சூடாக்க ஆறு ஹீட்டர் பிளக். காலையில் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு முப்பது எண்ண வேண்டும். பிந்தைய ரகத்தில் டீசல் நேரே சிலிண்டருக்குப் போய்விடும். ஹீட்டரும் இல்லை, எண்ணவும் வேண்டாம்.

“இங்கன பாரு, ஹீட்டர் மாட்டத் துளையே இல்லை. ஆர்.சி. புக்குல உங்கப்பா வண்டி ஹீட்டர் ரகம். இது வேற எவன் வண்டியோ, விரிசல் விட்டதை ஒட்டவச்சு ஓட்டிருக்கான். நான் பொய் எழுதக் கூடாதுல்லா?”

எழுதிவைத்திருந்த தாளை நீட்டினார். முத்துசெல்வி வாங்கிக்கொண்டாள்.

அப்போது கரண்டு போனது. மில்லில் பாதி அரிசி நின்றது. காந்திமதிநாதன் மூலைக்குப் போய், எஞ்சினின் சுவிட்சைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு…”

முத்துசெல்வியின் உதடு தானாக அசைந்தது. அப்பா மடியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி சிவப்பதைப் பார்த்துக்கொண்டே எண்ணுவது அவள் வேலை. அவள் முப்பது சொல்லாமல் வண்டி கிளம்பாது.

“…இருபத்தொம்பது, முப்பது.”

எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அந்த இருமலை அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. தரை அதிர்ந்தது. எதிர் மூலையில் சாக்கின் மேல் செத்துக் கிடந்ததும் கூடவே அதிர்ந்தது. அதற்குள்ளிருந்து ஓடை மணல் கொஞ்சம் கொட்டியது.

“அண்ணாச்சி, கடைசியாப் போன அன்னைக்கு எங்கப்பா எண்ணல.”

“என்னம்மா?”

“எண்ண விடலன்னு நான் அழுதேன். ‘இனி எண்ண வேண்டாம்ட்டி. காந்திமதி வண்டியத் தங்கமா ஆக்கித் தந்திருக்கான், தொட்டதும் எடுக்கு’ன்னு சொல்லிட்டுப் போனாவ. அதுக்கு முந்தின வாரம் பூரா வண்டி உங்க பட்டறையிலதான் நின்னுது.”

சரியாகக் கேட்க எஞ்சினை நிறுத்தப் போன அவர் கை பாதியில் நின்றது.

“நீங்க மாட்டி விட்டது அது,” என்று சாக்கைக் காட்டினாள். “எங்கப்பா வண்டியில இருந்து கழட்டி வச்சுக்கிட்டது இது.”

எஞ்சின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. முத்துசெல்வி அந்தத் தாளை ஓடையில் கிடைத்த எஞ்சினின் மேல் வைத்தாள். ஈரம் எழுத்தைக் கரைக்கத் தொடங்கியது.

“தம்பி நாளைக்கு எள்ளு விடுவான். நீங்க எழுதுனாலும் சரி, எழுதாட்டாலும் சரி.”

முன்பக்கம் மாவு அரைத்து முடிந்திருந்தது. அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு, நாற்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காந்திமதிநாதன் பழக்க தோஷத்தில் தலையாட்டினார்.

“காசு வேண்டாம்மா.”

“வேண்டாம்தான்,” என்று முடிச்சைத் திரும்பப் போட்டுக்கொண்டாள் முத்துசெல்வி. “இத்தனை வருஷமும் எங்களுக்கு அரைச்சுத் தந்தது எங்கப்பால்லா.”